பதினேழாவது ஃபைலும் ஒரு பெர்பர் மொழியும்

1. திங்கட்கிழமை மெயில்

கைப்பையை மேசைமேல் வைப்பதற்குள் ரகுநந்தன் சார் என் எதிரில் வந்து நின்றுவிட்டார். அவர் எங்கள் மேனேஜர், கன்னடக்காரர். எதற்கும் இருந்த இடத்திலிருந்தே போனில் கூப்பிடுகிறவர். அவரே எழுந்து வந்தால் விஷயம் பெரிது என்று எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

“ஆக்னஸ் மேடம், அந்த லிபியா பேட்ச் இருக்குதல்லா, அது நஃபூசி இல்லையாம். கிளையன்ட் மெயில் போட்டிருக்காரு.”

“நஃபூசி இல்லேன்னா வேற என்னவாம் சார்?”

“அதைத்தான் நம்மகிட்ட கேக்கறாரு.”

இது இந்தத் துறைக்குப் புதிதாக வரும் இளையவர்கள் படிக்கிற குறிப்பு என்பதால் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். பல மொழிகளில் மக்கள் பேசுவதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, இது இன்ன மொழி என்று லேபிள் போட்டு, பேச்சைப் புரிந்துகொள்ளும் சாஃப்ட்வேர் செய்கிறவர்களுக்குக் கொடுப்போம். நான் இந்தத் துறைக்கு வந்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வழியாக. அமெரிக்க டாக்டர்கள் வாய்க்குள்ளே முனகுவதைக் கேட்டு எழுதியே பதின்மூன்று வருடம் ஓடிற்று. அதற்கு மேல் குரல் தரவுப் பக்கம் வந்து, நாற்பது வயதைத் தாண்டித் தபால் வழியில் மொழியியல் எம்.ஏ. முடித்து, கடைசியில் ‘லாங்குவேஜ் லீட்’ ஆனேன். காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே வந்துவிடலாம் என்பதால் வேறு கம்பெனி தேடவே இல்லை.

நஃபூசி என்பது லிபியாவின் மேற்கே உள்ள மலைப்பகுதியில் பேசப்படும் ஒரு பெர்பர் மொழி. பெர்பர் ஒரே மொழி அல்ல, நம் திராவிட மொழிகளைப் போல ஒரு குடும்பம். மொராக்கோவிலிருந்து எகிப்து வரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது. சிலவற்றுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் உண்டு. சிலவற்றுக்கு ஓர் ஊர், அந்த ஊரிலும் வயதானவர்கள் மட்டும்.

அந்த பேட்ச்சில் இருபத்திரண்டு ஃபைல்கள். வெளியூர் வெண்டர் ஒருவரிடமிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே பெரியவரின் குரல். வெண்டர் அனுப்பிய தாளில் ‘லிபியா, பெர்பர், நஃபூசி’ என்று இருந்தது. நாங்கள் குவாலிட்டி செக் செய்தோம். இரைச்சல் இல்லை, குரல் உடையவில்லை, நடுவில் அறுபடவில்லை. பாஸ். கீழே கையெழுத்து என்னுடையது. அவர் என்ன பேசுகிறார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் எங்களிடம் இல்லை.

கிளையன்ட் பக்கத்தில் நஃபூசி பேசுகிற ஒருவரைக் கண்டுபிடித்துக் கேட்க வைத்திருக்கிறார்கள். அங்கங்கே ஒரு சொல் பழகியது மாதிரி இருக்கிறது, பேச்சு புரியவில்லை, இது எங்கள் மொழி இல்லை என்று அவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார். வெண்டருக்கு மெயில் போட்டால் திரும்பி வந்தது. போன் எடுக்கப்படவில்லை. எங்களுக்கு மூன்று வாரம் கொடுத்தார்கள்.

2. அரபியைக் கழித்தால் மிச்சம்

எங்கள் டீமில் தபஸ்ஸும் என்று ஒரு பெண். சிவாஜிநகர்க்காரி. அவளுடைய அம்மா லிபியாவில், பென்காஸி நகரத்து ஆஸ்பத்திரியில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். தபஸ்ஸும் ஏழாம் வகுப்புவரை அங்கே படித்தாள். அவள் பேசுவது புத்தக அரபி இல்லை, லிபியக் கடைத்தெரு அரபி. அந்த வாரம் எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இரண்டு பேரும் ஹெட்போனைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்தோம். நான் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுவேன். அவள் அதில் அரபிச் சொற்களை அடித்துக்கொண்டே வருவாள். எண்களில் அநேகமாக எல்லாமே அடிபட்டுப் போயின. கிழமைகள் போயின. தொழுகை, சந்தை, அரசாங்கம் சம்பந்தப்பட்டவையும் போயின.

“அக்கா, இதுல பாதி அரபி. மீதி சுத்தமா வேற சமாச்சாரம். அத்தனை வருஷம் அங்க இருந்த எங்க அம்மிக்குப் போட்டுக் காட்டினாலும் தெரியாது,” என்றாள்.

அந்த மீதிதான் எனக்கு வேண்டும். அடிபடாமல் தங்கிய சொற்களில் திரும்பத் திரும்ப வருபவற்றைத் தனியே எடுத்தேன். பெரியவர் ஏதோ கிணற்றைப் பற்றிப் பேசுகிறார் என்பது அரபிச் சொற்களை வைத்தே புரிந்தது. கிணறு என்றால் தண்ணீர் வந்தாக வேண்டும். பெர்பர் மொழிகள் பெரும்பாலானவற்றில் தண்ணீருக்கு ‘அமான்’ என்பார்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் தெரிந்திருக்கும் சொல் அது. பெரியவர் அமான் சொல்லவே இல்லை. ‘இமீன்’, ‘இமீன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மதியச் சாப்பாடு எனக்கு ஞாபகமே இல்லை. லிபியாவின் சிறு மொழிகளைப் பற்றி இணையத்தில் கிடைத்த ஸ்கேன் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகம் ஒன்றும் இல்லை. எவரோ ஒரு காலத்தில் இத்தாலிய மொழியில் குறித்து வைத்த கதைகள், சொற்பட்டியல்கள், பிற்காலத்தவர் அவற்றை வைத்து எழுதிய ஆய்வுகள், அவ்வளவுதான். அவற்றில் ஒரே ஒரு பட்டியலில் ‘இமீன்’ இருந்தது. அவ்ஜிலா என்ற ஊரின் மொழி. பென்காஸிக்குத் தெற்கே, பாலைவனத்தின் உள்ளே, பேரீச்சைக்குப் பேர்போன ஒரு சோலை. நாங்கள் லேபிள் ஒட்டிய மலையிலிருந்து நாட்டின் மறுகோடி.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. ‘இரவு’ என்ற சொல்லின் நடுவில் இந்த மொழியில் ஒரு ‘வ’ ஒலி உண்டு. அந்த இடத்தில் சகாரா நாடோடிகளின் துவாரெக் மொழியில் ‘ஹ’ வரும். மற்றப் பெரும்பாலான பெர்பர் மொழிகளில் அந்த ஒலி தேய்ந்து இல்லாமலே போய்விட்டது. எங்கள் பெரியவர் அந்த ‘வ’வைத் தெளிவாகச் சொன்னார். நான் நான்கு தடவை ஓடவிட்டுக் கேட்டேன்.

ஆனால் ஒரு பட்டியலையும் என் காதையும் மட்டும் நம்பி இரண்டாவது தடவையும் கையெழுத்துப் போட எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த மொழியைப் பேசும் மனுஷர் ஒருவர் வேண்டும்.

3. பெங்களூரில் ஓர் அவ்ஜிலாக்காரர்

ரகு சார் சிரித்தார். அவ்ஜிலாவிலேயே இளவட்டங்கள் அரபிக்கு மாறிவிட்டார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள், பெங்களூரில் தேடுவீர்களா என்று கேட்டார். தபஸ்ஸும் மட்டும் சிரிக்கவில்லை. நம் ஊருக்கு மூட்டு ஆபரேஷனுக்கும் இதய ஆபரேஷனுக்கும் அரபு நாடுகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், லிபியர்களும் அதில் உண்டு, அவர்களில் கிழக்கிலிருந்து வருகிறவர்களும் உண்டு என்றாள்.

அவளுக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள். நோயாளியின் விவரம் கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. ஆகவே ஒரு சீட்டில் அரபியில் எழுதிக் கொடுத்தோம்: அவ்ஜிலா ஊர்ப் பேச்சு தெரிந்தவர்கள் விருப்பம் இருந்தால் இந்த நம்பருக்குப் பேசலாம். அதே சீட்டை மாஸ்க் ரோட்டில் அரபுச் சாப்பாடு போடும் கடையொன்றிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்ட அனுமதி வாங்கினோம்.

எட்டு நாள் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் இப்ராஹீம் என்று ஒருவர் பேசினார். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று, பிசியோதெரபி நடக்கிறது, பிரேசர் டவுனிலேயே ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டில் இருக்கிறோம், அம்மா அவ்ஜிலாவில் பிறந்தவர் என்றார். பிறகு அவராகவே ஆங்கிலத்தில் ஒன்று சேர்த்துச் சொன்னார்: அம்மா பேசுவது மொழி அல்ல, வீட்டுக்குள்ளே பேசும் ஏதோ ஒரு பேச்சு, எழுத்துகூடக் கிடையாது, உங்கள் நேரம் வீணாகும்.

வீணானாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை போனோம்.

அவருடைய அம்மாவின் பெயர் மப்ரூக்கா. அறுபதுகளில் இருப்பார். தபஸ்ஸும் அவரை ‘ஹஜ்ஜா’ என்று கூப்பிட்டாள், அங்கே மூத்த பெண்களை மரியாதையாக அழைப்பது அப்படி. மகனும் கணவரும் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவதால் நாலாவது மாடி ஜன்னலில் ஆட்டோக்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். தபஸ்ஸுமின் பென்காஸி அரபியைக் கேட்டதும் முகமே மாறிவிட்டது. டீயை மூன்று தடவை ஊற்றினார்.

நான் டேப்லெட்டில் முதல் ஃபைலைப் போட்டேன்.

ஹஜ்ஜா மெதுவாகத் தலையாட்ட ஆரம்பித்தார். கிணற்றுக் கதை முடிகிற இடத்தில், பெரியவர் சொல்வதற்கு முன்பே கடைசி வார்த்தைகளை இவர் சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த ஆள் யார் என்று தெரியாது, ஆனால் பேச்சு எங்கள் பேச்சு என்றார். பெயர் கேட்டோம். அரபியில் சொல்லும் பெயர் வேண்டாம், உங்களுக்குள் என்ன சொல்வீர்கள் என்று தபஸ்ஸும் கேட்டாள்.

“ஜ்லான் ந அவிலான்,” என்றார் ஹஜ்ஜா. அவ்ஜிலாக்காரர் பேச்சு என்று அர்த்தம்.

லேபிளுக்கு விடை கிடைத்துவிட்டது. நான் அதோடு எழுந்து வந்திருக்கலாம். இருபத்திரண்டையும் சரிபார்த்துவிட்டால் நல்லது என்று தோன்றியதால் உட்கார்ந்தேன். இன்றுவரை அந்த முடிவுக்காக நான் சந்தோஷப்படுகிறேன், அன்றைக்கு அது சந்தோஷமாக இல்லை என்றாலும்.

4. பதினேழாவது ஃபைல்

மூன்றாம் நாள் பதினேழாவது ஃபைலுக்கு வந்தோம். இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவான பதிவு. பேரீச்சை மரத்தை எப்போது கழிப்பது, எந்த ஓலையை விடுவது என்று பெரியவர் சொல்லிக்கொண்டு வந்தார். ஹஜ்ஜா இடையிடையே தபஸ்ஸுமுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எட்டாவது நிமிஷத்துக்குப் பக்கத்தில் பெரியவரின் குரல் தணிந்தது. பதிவு செய்கிறவன் ஒரு வார்த்தை பதில் சொன்னான். பெரியவர் தொடர்ந்தார்.

ஹஜ்ஜா கையை நீட்டி டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்தார். குரல் நிற்கவில்லை. எனக்கு ஏதோ விளங்கி நான் நிறுத்தினேன்.

தபஸ்ஸும் என்னவென்று கேட்டாள். ஹஜ்ஜா சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அந்தப் பெரியவரு, ‘மிஷினை மூடுப்பா, இனிமே சொல்றது வீட்டு விஷயம்’னு சொல்றாராம் அக்கா. அந்த ஆளு ‘மூடிட்டேன்’ங்கறானாம். மூடலை.”

அதற்குமேல் பதினொரு நிமிஷம் ஓடுகிறது அந்தப் பதிவு. இரைச்சல் இல்லை, குரல் உடையவில்லை, நடுவில் அறுபடவில்லை. பாஸ் போட்டவள் நான்.

பெரியவர் என்னதான் பேசுகிறார் என்று கேட்கத் தபஸ்ஸும் வாயெடுத்தாள். ஹஜ்ஜா தலையசைத்துவிட்டார். “அதை உங்ககிட்ட சொன்னா, அந்த மூடாத ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு கேக்கறாங்க,” என்றாள் தபஸ்ஸும்.

ஆபீசுக்கு வந்ததும் அந்த பேட்ச்சின் சம்மதப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு தாள், இருபத்திரண்டு கையெழுத்து. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, மேலே விவரங்களைப் பூர்த்தி செய்த அதே கை. கிணற்றைப் பற்றி அத்தனை நிதானமாகப் பேசிய மனிதர் இந்தத் தாள்களைப் பார்த்தே இருக்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. அன்றைக்குத்தான் பட்டது, அதுதான் வெட்கம்.

ரகு சாரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். ஆனால் டெலிவரிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

“சரி மேடம், அந்த பதினொரு நிமிஷம் கட் பண்ணிடலாம். மிச்சம் இருக்கட்டும். லேபிள் மாத்தி அனுப்பலாம். ஆயித்தல்லா?”

“மிச்சத்துக்கும் அவரு சம்மதிச்சாரான்னு தெரியாது சார். இந்தக் கையெழுத்து அவரோடது இல்லை.”

“அப்போ எல்லாமே எடுக்கணுமா? நம்மகிட்ட அந்த மொழியில வேற ஒண்ணும் இல்லையே.”

இல்லைதான். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், காத்திருந்தேன். மூன்றாம் நாள் அவரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய தாயார் டாக்டரிடம் தனியாகப் பேசியதை யாராவது இப்படி எடுத்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தாராம்.

“கிளையன்ட்டுக்கு யாரு சொல்றது?” என்றார்.

“பாஸ் போட்டது நான். நானே சொல்றேன்.”

கிளையன்ட் பக்கத்து அம்மாள் கண்டிப்பானவர், முன்பே தெரியும். வீடியோ கால் தொடங்கியதும் சுற்றிவளைக்காமல் முழுதும் சொன்னேன். அந்த அம்மாள் இரண்டே விஷயம் சொன்னார். இருபத்திரண்டையும் எல்லா இடத்திலிருந்தும் அழித்து, அழித்ததற்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த வெண்டரிடமிருந்து வந்த மற்ற மொழி ஃபோல்டர்களையும், அந்தந்த மொழி தெரிந்தவர்களை வைத்துக் கடைசி நொடிவரை கேளுங்கள். அந்த இரண்டாவது வேலை எங்களுக்கு இரண்டரை மாதம் பிடித்தது. வேறு இரண்டு ஃபோல்டர்களிலும் சிக்கல் இருந்தது.

அந்தக் காலாண்டில் குவாலிட்டி கையெழுத்துப் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நியாயம் இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

5. ரஜாய் மாட்டிய அறை

ஃபைல்களை அழித்ததை ஹஜ்ஜாவிடம் சொல்லப் போனோம். சொல்ல வேண்டியது கடமை என்று நினைத்துத்தான் போனேன், வேறு எதுவும் எதிர்பார்க்கவில்லை. அவர் கேட்டுவிட்டு, அப்படியானால் உங்களிடம் எங்கள் பேச்சு ஒன்றுமே இல்லையா என்றார். இல்லை என்றோம். நான் பேசுகிறேன் என்றார்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, லேபிளில் அவர் சொன்ன பெயர் இருக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு தடவையும் பதிவு முடிந்ததும் சிவப்பு விளக்கு அணைவதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

சம்மதப் படிவத்தைத் தபஸ்ஸும் வரிக்கு வரி அரபியில் வாசித்தாள். ஹஜ்ஜா நடுநடுவே கேள்வி கேட்டார். இதை யார் கேட்பார்கள், மிஷின் என் குரலில் பேசுமா, எனக்குப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடுவீர்களா. சிலவற்றுக்கு எங்களுக்கே பதில் தெரியவில்லை. கிளையன்ட்டிடம் கேட்டு எழுதி வாங்கி வந்தோம். அந்தப் படிவம் முடிய ஒன்றரை நாள் ஆயிற்று. வழக்கமாக நாங்கள் அதற்கு ஒதுக்குவது பத்து நிமிஷம்.

எங்கள் ஆபீசின் ஸ்பாஞ்சு ஒட்டிய ரெக்கார்டிங் அறையைப் பார்த்ததும் இது கபர்க்குழி மாதிரி இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். ஆகவே அவர்கள் ஃபிளாட்டின் உள் அறையையே தயார் செய்தோம். ஜன்னலுக்குப் பஞ்சு திணித்த ரஜாய்ப் போர்வை இரண்டு, கதவுக்கு ஒன்று. தபஸ்ஸும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. பக்கத்து ஃபிளாட் குக்கர் விசிலுக்கு மட்டும் எங்களிடம் வழி இல்லை. விசில் வந்தால் எல்லோரும் சும்மா இருப்போம், அடங்கினதும் ஹஜ்ஜா விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார்.

கல்யாணச் சடங்குகள், ரொட்டி சுடுவது, மணல்காற்று அடித்த வருஷம், ஒரு நரிக்கதை என்று ஒன்பது நாள் பேசினார். அரபிச் சொல் வந்து விழுந்தால் நாங்கள் தடுக்கவில்லை. அதுவும் அந்த மொழியின் இன்றைய நிலைதானே. ஒருநாள் பிசியோதெரபி சீக்கிரம் முடிந்து இப்ராஹீம் அறை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நரிக்கதையில் ஒரு சொல் அவருக்குத் தெரியவில்லை. பதிவு முடிந்து விளக்கு அணைந்ததும் அம்மாவிடம் கேட்டார். அம்மா விளக்கினார். இன்னொன்றும் கேட்டார். அதற்குமேல் பேசியது அவர்களுடைய விஷயம், நாங்கள் ரஜாயைக் கழற்ற ஆரம்பித்தோம். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது எல்லாப் பதிவுகளையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தோம். கேட்டு வாங்கிக்கொண்டவர் இப்ராஹீம்தான்.

6. ஹாலும் பாலும்

கடைசி வேலை, கேட்டலாகில் இந்த மொழியை எங்கே வைப்பது என்பது. எங்கள் ஃபார்மில் ‘குடும்பம்’, ‘கிளை’, ‘உட்கிளை’ என்று மூன்று கட்டம். குடும்பமும் கிளையும் சிக்கல் இல்லை. உட்கிளைக்கு ஆய்வாளர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது, அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ‘இரவு’ என்ற சொல்லில் வரும் அந்த ‘வ’ பெர்பர் குடும்பத்தின் மிகப் பழைய ஒலியின் மிச்சம். லிபியாவின் மேற்கு எல்லையில் கதாமிஸ் என்று ஓர் ஊர். அந்த ஊர் மொழியிலும் அதே இடத்தில் ‘ப’வுக்கும் ‘வ’வுக்கும் நடுவான ஓர் ஒலி இன்றும் இருக்கிறது. மற்றவர்கள் தொலைத்ததை இந்த இருவர் மட்டும் வைத்திருக்கிறார்கள் என்றால் இவர்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள். இரண்டையும் ஒரே உட்கிளையில் போட்டு, குறிப்பும் எழுதி, ரகு சாரிடம் காட்டினேன்.

அவர் மொழியியல் படித்தவர் இல்லை. நிதானமாக வாசித்தார்.

“மேடம், ஒரு டவுட். உங்களுக்குப் பால். தெலுங்குக்காரருக்கும் பாலு. எங்களுக்கு மட்டும் ஹாலு.”

“ஆமா சார். பழைய ‘ப’ கன்னடத்துல ‘ஹ’ ஆயிடுச்சு.”

“அப்போ உங்க கணக்குல தமிழும் தெலுங்கும் ஒரே மனெ. நாங்க வெளியாளு. அப்படித்தானே?”

தமிழுக்கும் கன்னடத்துக்கும்தான் நெருக்கம், தெலுங்கு அதைவிடக் கொஞ்சம் தள்ளி என்பது பாடப்புத்தகச் செய்தி. பழைய கன்னடத்திலும் பால்தான். பழையதை இருவர் விடாமல் வைத்திருப்பதால் அவர்கள் நெருங்கிய சொந்தம் ஆகிவிட மாட்டார்கள். இருவரும் சேர்ந்து புதிதாக ஒன்றை மாற்றியிருந்தால் அதுதான் சாட்சி. இதைப் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவள் நான். பேனாவை எடுத்துக் குறிப்பை அடித்தேன். ரகு சார் அன்று முழுவதும் குஷியாக இருந்தார், பார்த்தவரிடம் எல்லாம் ஹாலு கதையைச் சொன்னார்.

அப்புறம் சேர்ந்து புதிதாக மாறியவற்றைத் தேடினேன். ஹஜ்ஜாவின் ஒன்பது நாள் பேச்சை வைத்து, கதாமிஸ் பட்டியலோடும் கிழக்கே எகிப்து எல்லைக்குள் இருக்கும் சீவா ஊர் மொழியின் பட்டியலோடும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். ஒரு சில இங்கே இழுத்தன, ஒரு சில அங்கே. எது உறவால் வந்தது, எது பக்கத்து ஊரிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று பிரிக்க எனக்குத் தெரிந்தது போதவில்லை. போதவில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அந்த மட்டில் நிம்மதி.

ஆனால் உட்கிளைக் கட்டத்தை வெறுமையாக விட்டால் ஃபார்ம் சேவ் ஆகாது. லிஸ்டில் இருக்கிற ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். முன்பெல்லாம் இப்படி வந்தால் பக்கத்தில் எது தோதாக இருக்கிறதோ அதை அழுத்திவிட்டுப் போயிருக்கிறேன். எத்தனை மொழிகளுக்கு அப்படிச் செய்தேன் என்று இப்போது சொல்ல முடியாது. இந்தத் தடவை ரகு சார் சிஸ்டம் ஆட்களோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டி, லிஸ்டின் கடைசியில் ‘தீர்மானம் ஆகவில்லை’ என்று ஒரு வரி சேர்க்க வைத்தார்.

பெயர்: ஜ்லான் ந அவிலான். குடும்பம்: ஆப்ரோ ஆசியம். கிளை: பெர்பர். உட்கிளை: தீர்மானம் ஆகவில்லை. பேசியவர் சம்மதம்: நேரில் வாசித்துப் பெற்றது.

டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி, இத்தனை உழைத்துவிட்டுத் ‘தீர்மானம் ஆகவில்லை’ என்று போட்டால் கம்பெனிக்கு மதிப்பு இருக்குமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தப்பாக ஒரு பெயரை எழுதி வைத்தால் அந்தப் பெட்டியை எவரும் திரும்பத் திறக்க மாட்டார்கள். தெரியாது என்று எழுதினால், தெரிந்தவர்கள் தேடிக்கொண்டு வருவார்கள். யாருக்கும் புரியாத மொழியில் வேலை செய்கிறவருக்கு ஒரு வசதி உண்டு, அவருடைய தவறும் யாருக்கும் புரியாது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பதுதான் இந்தத் தொழில்.

கிளையன்ட் தங்கள் மொழிப்பட்டியலை வெளியிட்ட சில மாதங்களில் எங்களுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் பெர்பர் மொழிகளையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் எழுதியவை. ஒருவர் உட்கிளையாக கதாமிஸ் பக்கம் எழுதச் சொல்லிக் காரணங்களை அடுக்கியிருந்தார். மற்றவர் சீவா பக்கம் எழுதச் சொல்லி அதைவிட நீளமாக அடுக்கியிருந்தார். ஹஜ்ஜாவுக்குச் செய்தி அனுப்பி, அவர் சம்மதம் வந்த பிறகு, இருவருக்கும் பதிவுகளைக் கேட்க ஏற்பாடு செய்தோம். அவர்கள் இப்போது ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள், எனக்கும் நகல் வருகிறது. காலையில் ஆபீசுக்கு வந்ததும் நான் முதலில் படிப்பது அதைத்தான். இன்னும் முடிவாகவில்லை.